எனக்குக் கேட்காத இரைச்சல்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஒரு சந்தேகம் இருப்பதாக, பில் போடும் ஆயிஷா சொன்னாள். எந்தக் கம்பெனிக்காரர் புது இயர்பட்ஸ் கொண்டுவந்து காட்டினாலும், ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு சோடியை மஞ்சப்பையில் போட்டுத் திருச்சுழி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புகிறோமே, அது எதற்கு என்று கேட்டீர்களாம். அருப்புக்கோட்டையில் இல்லாத காதா அந்தப் பொட்டல் காட்டில் இருக்கிறது என்று ஒருவர் சிரித்தாராம். சிரித்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. நியாயமான கேள்விதான். நான் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. முதலாளியிடம் சொன்னேன், நீங்களே விளக்கிவிடுங்களேன் என்று. "உன் கதைய நான் சொன்னா நல்லாருக்காது வேலு, நீயே எழுதிக் குடு" என்றார். என் பெருமையைச் சொல்லும் கதை இல்லை இது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அந்தக் கடையில் சேர்ந்தபோது டேப்ரெக்கார்டர் விற்றோம். பிறகு சி.டி., பிறகு வீட்டுச் சுவரை அதிரவைக்கும் ஸ்பீக்கர், அதற்குப் பிறகு செல்போன். முப்பது வருஷத்துக்கு மேல் அதே கவுண்டர்தான். விற்கும் சாமான் மாறிக்கொண்டே இருந்தது, என் காது மட்டும் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாளியும் அப்படித்தான் நினைத்தார். புதிதாக எது வந்தாலும் முதலில் என்னிடம்தான் வரும். என்னிடம் ஒரு நாதஸ்வரப் பதிவு இருந்தது. தவில் தனியாக வாசித்து முடிந்ததும் நாதஸ்வரம் மெல்ல உள்ளே நுழையும் ஓர் இடம் உண்டு. எல்லாவற்றிலும் அதைத்தான் போட்டுக் கேட்பேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். கேட்டு முடித்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பெட்டியின் மூலையில் ஸ்டிக்கர் ஒட்டுவேன்.

எட்டுக்கு மேல் போட்டால் அந்தச் சரக்கு வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். ஆறுக்குக் கீழே போனால் அதைச் சீண்ட ஆள் இருக்காது. காரியாபட்டியிலிருந்து தினமும் மதுரைக்கு வேலைக்குப் போகிறவர்கள், மதுரையில் அத்தனை கடை இருந்தும், எதிர்த்திசையில் இங்கே வந்து, "வேலண்ணன் எம்புட்டுப் போட்டிருக்காரு?" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். 'காது வேலு' என்று ஊரில் பெயரே இருந்தது. தலைகால் புரியாமல்தான் இருந்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு அறிவு வருவதற்கு ஒரு சந்தர்ப்பம் முன்பே கிடைத்தது. நான்தான் அதைச் சிரித்தே கழித்துவிட்டேன். நரிக்குடிப் பக்கம் ஆடு மேய்க்கும் ஒருவர் வந்து, "ஒத்தைக் காதுக்கு மட்டும் குடுங்கண்ணே, ரெண்டும் வேண்டாம்" என்றார். ஒற்றைச் செருப்பு விற்பார்களா என்று கேட்டேன். கடையே சிரித்தது. அவருக்கு நான் எட்டரை மார்க் போட்டிருந்த ஒன்றைக் கட்டிக் கொடுத்தேன். வெளிச்சத்தம் ஒரு துளி உள்ளே வராமல் அடைத்துவிடும் வகை அது. ஒரு வாரத்தில் திரும்பி வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"என்னண்ணே, சவுண்டு நல்லா இல்லையா?" என்று கேட்டேன்.

"பாட்டுக்கு ஒரு கொறையும் இல்ல. ஆட்டுச் சத்தந்தான் கேக்கல. அம்புட்டும் பக்கத்துக் காட்டுச் சோளத்துல எறங்கிருச்சு. காட்டுக்காரன் முதுகுக்குப் பின்னால நின்னு கத்துறான், அதுவும் எனக்குக் கேக்கல."

அவருக்குத் தேவைப்பட்டது ஒரு காதில் பாட்டும் ஒரு காதில் ஆடும். வந்த அன்றே அதைத் தெளிவாகச் சொன்னார். நான் அவர் காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் என் காதுக்குப் பிடித்ததைக் கொடுத்து அனுப்பினேன். இந்தக் கதையை ஒரு வருஷம் எல்லோரிடமும் வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தேன். அதில் கோமாளி அவர் இல்லை, நான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இனி பாண்டிச்செல்விக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்பு நடந்தது இது. திருச்சுழிக்கு அந்தப்பக்கம், பஸ் இறங்கி நடக்க வேண்டிய ஒரு சின்ன ஊர் அவளுக்கு. பட்டப்படிப்பு முடித்தவள். புருஷன் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அவளுக்குச் சென்னையிலிருந்து ஒரு வேலை வந்திருந்தது. யாரோ ஊர் ஊராகப் போய் மக்களிடம் பேட்டி எடுத்துப் பதிவு செய்து அனுப்புவார்கள்; அதை வீட்டிலிருந்தே கேட்டு, சொல்லுக்குச் சொல் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். கல்லூரியில் கிடைத்த பழைய லேப்டாப் இருந்தது. அதில் ஒயர் செருகும் இடம் கெட்டுப்போனதால் ஒயர் இல்லாத இயர்பட்ஸ் வேண்டும் என்று வந்தாள். ஒன்றரை மாதம் சோதனைக் காலம், தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மில் வேலை, மில் வேன்தான். விடிவதற்கு முன் ஏறி, இருட்டிய பிறகு இறங்கும் வேன். குழந்தை கண் விழித்திருக்கும்போது தாயைப் பார்க்கவே முடியாது.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்று அவள் கேட்டது, "பேச்சு தெளிவாக் கேக்குற மாதிரி ஒண்ணு குடுங்கண்ணே" என்பது மட்டும். நான் எட்டரை மார்க் போட்டிருந்த இன்னொரு மாடலின் ஸ்டிக்கரை விரலால் தட்டிக் காட்டினேன். வாங்கிப் போனாள்.

நாலாவது நாள் வந்தாள். "இதுல ஸ்ஸ்ஸுனு ஒரு சத்தம் வருதுண்ணே. ஓட விட்டாத்தான் வருது, நிறுத்துனா நின்னுருது. மெதுவாப் பேசுறவுக பேச்சை அது அமுக்கிருது" என்றாள். வாங்கி, துடைத்து, காதில் வைத்துப் பார்த்தேன். பஸ் ஹாரன், பக்கத்துக் கடை ரேடியோ, பின்தெருவில் விசைத்தறி ஓடும் சத்தம், இத்தனைக்கும் நடுவில் என் நாதஸ்வரம் கணீரென்று கேட்டது. ஒன்றும் இல்லையம்மா, புதுசுக்கு அப்படித் தெரியும், பழகிவிடும் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரமும் வந்தாள். அதே பதில் சொன்னேன். நம் கடை விதி உங்களுக்குத் தெரியும். காதில் வைத்த சாமானைப் பழுது இருந்தால் மட்டுமே மாற்றித் தருவோம். பழுதா இல்லையா என்று அப்போது தீர்ப்புச் சொன்னது என் காது.

மூன்றாவது தடவை அவள் வந்தது ஒரு சனிக்கிழமை. கடையில் நல்ல கூட்டம். கவுண்டரில் இடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு நடுவே கையை நீட்டி அந்தப் பெட்டியை வைத்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, இன்னமும் அதே பாட்டா? முப்பது வருஷமா நான் சவுண்டு கேட்டுக்கிட்டு இருக்கேன். இந்த மாடலு நம்ம கடையில இம்புட்டுப் பேரு வாங்கியிருக்காக. ஒருத்தரு குறை சொல்லல. ஒனக்கு மட்டும் எங்கிருந்தும்மா இரையுது?"

நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு ஆதரவாகத்தான். அவள் முகம் சிவந்துபோனது, ஆனால் நகரவில்லை.

"இங்க நின்னா யாருக்கும் கேக்காதுண்ணே. இந்தச் சத்தத்துல நான் பேசுறதே ஒங்களுக்குச் சரியாக் கேக்கல. எங்க ஊருக்கு வந்து, என் வீட்டுல உக்காந்து கேட்டுப் பாருங்க. எனக்குத் திங்கக்கிழம கடைசிப் பரீட்சை. இதுவரைக்கும் அடிச்சதுல தப்பு நெறைய இருக்குன்னு சொல்லிட்டாக. இனிமே ஒரு தடவைதான் குடுப்பாக. காது சரியில்லன்னா ஒத்துக்கிருவேன். சாமான் சரியில்லாம எப்படிண்ணே ஒத்துக்கிறது?"

சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும் என்னைக் கூப்பிட்டார். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் மெதுவாகத்தான் பேசினார்.

"வேலு, அந்தப் புள்ள மூணு தடவ பஸ்ஸு ஏறி வந்திருக்கு. பொய் சொல்றதுக்கு யாரும் மூணு தடவ பஸ்ஸு ஏற மாட்டாக. நாளைக்கு ஞாயித்துக்கிழம. போய் அவ வீட்டுல உக்காந்து கேட்டுட்டு வா. வேற மூணு சோடியும் கையில எடுத்துக்க."

"பாய், அது நல்ல சரக்கு பாய். நான் கேட்டேன்."

"நீ கேட்டே. அதுதான் அவளும் சொல்றா, கேட்டேன்னு."

முணுமுணுத்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அவள் சொன்னது தப்பு என்று நிரூபித்துவிட்டு வரப்போகிறேன் என்றுதான் எனக்கு நினைப்பு. ஊருக்கு வெளியே இறங்கி நடந்தேன். இருபுறமும் சீமைக்கருவேலம், உச்சி வெயில், ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. இத்தனை வருஷம் பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் உட்கார்ந்துகொண்டு இந்த ஊர்க்காரர்களுக்கெல்லாம் சவுண்டு எப்படி இருக்கிறது என்று நான் மார்க் போட்டிருக்கிறேனே என்று அப்போதுதான் லேசாக உறுத்தியது.

பாண்டிச்செல்வி என்னை எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள். கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த அவள் மாமியார் நிமிர்ந்து பார்த்து, "காதுல சொருகுற இந்தக் கொட்டைக்கா அருப்புக்கோட்டையிலருந்து வந்தீக?" என்று கேட்டார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலிமேல் லேப்டாப் இருந்தது, அதற்கு முன்னால் பாய் விரித்திருந்தது. அதுதான் அவளுடைய ஆபீஸ்.

அந்த எட்டரை மார்க் சோடியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இணைந்ததற்கு அடையாளமாக ஒரு குரல் வந்தது. "இருங்கண்ணே" என்று சொல்லி அவள் லேப்டாப்பில் எதையோ தேடினாள். நான் வழக்கம்போலக் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுத்தமாக ஒன்றும் இல்லை.

இங்கே நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் ஒருநாள் இப்படி ஓர் இடத்தில் உட்காருவீர்கள். இரைச்சல் இல்லை என்று சொன்னால் இந்தப் பெண் நாளைக்கு இதே சாமானை வைத்துக்கொண்டு பரீட்சை எழுத வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்பவளாகத் தெரியவில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும். காது வேலுவுக்குக் கேட்கவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு வந்தால் கவுண்டரில் எனக்கு என்ன வேலை இருக்கிறது? ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுக்கிற மாதிரி ஒரு வழி.

"ஆமாம்மா, நீ சொன்னது சரிதான்" என்றேன் கண்ணைத் திறக்காமல். "லேசா இரையத்தான் செய்யுது. ஸ்ஸ்ஸுனு. இந்த ஒரு பீசு அப்படி வந்திருச்சு போல."

கண்ணைத் திறந்தேன். அவள் விரல் லேப்டாப் மேலேயே நின்றிருந்தது.

"அண்ணே" என்றாள், ரொம்ப மெதுவாக. "நான் இன்னும் ஓடவே விடலண்ணே."

ஓட விட்டால்தான் வருகிறது, நிறுத்தினால் நின்றுவிடுகிறது என்று முதல் தடவை வந்தபோதே சொல்லியிருந்தாளே! மாமியார் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் அவள் ஒரு சிரிப்புச் சிரித்திருக்கலாம். கடையில் கூட்டத்துக்கு நடுவில் நான் அவளுக்குச் செய்ததை அவள் எனக்குத் திருப்பிச் செய்திருக்கலாம். செய்யவில்லை. ஒரு பக்கத்து இயர்பட்ஸை என் காதிலிருந்து வாங்கி, துடைத்து, தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப ஓட விடுறேண்ணே. எனக்குக் கேக்குறப்ப வெரலைத் தூக்குறேன்."

ஒரு வயதான பெண்மணி எங்கோ ஓர் ஊரில் தன் கதையைச் சொல்லும் பதிவு அது. பேச்சு எனக்கு நன்றாகக் கேட்டது. அவர் பேச்சை நிறுத்தி யோசிக்கும் இடைவெளியில் பாண்டிச்செல்வி விரலைத் தூக்கினாள். எனக்கு அங்கே வெறும் அமைதிதான். பதிவை நிறுத்தினாள், விரல் இறங்கியது. மறுபடி ஓட விட்டாள், விரல் ஏறியது. ஐந்தாறு தடவை இப்படி. மாமியாருக்கும் ஆசை வந்து, "கொண்டா, நானும் பாக்குறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

"ஆமா, இரையுதே! சூட்டுக் கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி."

அவர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். அதற்கு மேல் நடிக்க என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை.

"எனக்குக் கேக்கலம்மா" என்றேன். "நெசமாவே கேக்கல. முன்னாடி சொன்னது பொய். நீ மூணு தடவ வந்தப்பவும் எனக்குக் கேக்காததைத்தான் இல்லன்னு சொல்லியிருக்கேன்."

அவள் சொன்ன பதிலை இன்றுவரை நான் மறக்கவில்லை. "அதனால என்னண்ணே, கேக்கலன்னா கேக்கல. மொதல்ல காது டாக்டர்ட்டக் காட்டுங்க. இதை ஒங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

யாரும் சொன்னதில்லை. வீட்டில் கடிகார அலாரம் அடிப்பது எனக்குக் கேட்பதில்லை என்று என் மனைவி சொல்வாள். நான் அயர்ந்து தூங்குவதால் என்று நினைத்துக்கொள்வேன்.

பையிலிருந்து மற்ற மூன்று சோடியையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பெட்டியில் ஒட்டியிருந்த மார்க் ஸ்டிக்கர்களை முதலில் கிழித்துப் போட்டேன். "நீயே கேட்டு நீயே எடுத்துக்க. எது எந்தக் கம்பெனி, எது என்ன வெலைன்னு பாக்காத. நாளைக்கு எது ஒனக்கு ஒதவும்னு மட்டும் பாரு" என்றேன். அவள் முக்கால் மணி நேரம் கேட்டாள். பாட்டு ஒன்றுகூடப் போடவில்லை. மெதுவாகப் பேசுகிறவர்கள் பேச்சு, அவர்கள் மூச்சு விடும் இடம், பேசாமல் இருக்கும் இடம், இவற்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் ஒன்றை எடுத்தாள். நான் ஐந்தரை போட்டு மூலையில் தள்ளி வைத்திருந்த சாமான் அது. தவில் அதில் சப்பென்று இருக்கும். ஆனால் அவள் பரீட்சையில் தவில் வரப்போவதில்லையே. எனக்குக் கேட்காத ஒரு வித்தியாசத்தை நம்பி அதை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மோர் குடிக்காமல் போகக் கூடாது என்று மாமியார் மறித்துக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு இரண்டு கவலை. திங்கட்கிழமை அவள் தேறுவாளா என்பது ஒன்று. நான் கொடுத்த சாமானால் ஏற்கெனவே சேர்ந்த தப்புகள் அவள் தலையில் இருந்தன. அந்த மில் வேன் அவள் வாசலில் நின்றால் அதற்கு நான்தான் காரணம். இன்னொன்று, முதலாளியிடம் என்ன சொல்வது என்பது. ஒரு பீஸ் பழுது, மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் விஷயம் முடிந்தது. ஒரே நாளில் இரண்டாவது பொய்யைச் சொல்ல எவ்வளவு சுலபமாக வழி கிடைக்கிறது பாருங்கள். அருப்புக்கோட்டை வந்து சேரும்வரை அதையேதான் யோசித்தேன்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் முதலாளி முன்னால் போய் நின்றேன். ஆயிஷா பக்கத்தில்தான் இருந்தாள். அவள் இருக்கும்போதே சொன்னேன். வார்த்தையைச் சுற்றி வளைக்கவில்லை. அந்தச் சாமான் இரைகிறது, அது எனக்குக் கேட்கவில்லை, இனிமேல் என் காதை நம்பிச் சரக்கு எடுக்காதீர்கள் என்றேன்.

முதலாளி வாயைத் திறப்பதற்குள் ஆயிஷாதான் பேசினாள், தலையைக் குனிந்துகொண்டு.

"எங்களுக்குத் தெரியும்ண்ணே. ரெண்டு வருசமாத் தெரியும்."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். அந்த மாடலைப் பற்றிக் குறை சொல்லி வந்தவர் பாண்டிச்செல்வி ஒருத்தி மட்டும் இல்லை. வேறு ஏழெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். நான் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து அவர்களை வரச் சொல்லி, வேறு ஏதோ காரணம் எழுதி, இவளும் கடையில் வேலை பார்க்கும் மற்றவர்களுமே மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பாண்டிச்செல்வி பஸ் நேரம் பார்த்து வந்ததால் மூன்று தடவையும் நேராக என்னிடம் மாட்டிக்கொண்டாள்.

"ஏன்த்தா எங்கிட்டச் சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

"ஒங்க மனசு கஷ்டப்படும்னுதாண்ணே."

அவள் மேல் அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. என்னை இரண்டு வருஷம் ஊருக்கு முன்னால் கோமாளியாக நிற்கவைத்துவிட்டார்களே என்று இருந்தது. அவர்கள் அதை மரியாதை என்று நினைத்துச் செய்தார்கள் என்பது கோபம் அடங்கிய பிறகுதான் தெரிந்தது. அதற்கும் பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. வாயைத் திறந்தால் நான் எரிந்து விழுவேன் என்று அவர்களுக்குத் தோன்றும்படி நடந்துகொண்டவன் நான்தானே. ஒருவர்கூடச் சொல்லத் துணியாத அளவுக்கு ஒரு மனுஷன் கவுண்டரில் நின்றிருக்கிறான் என்றால் அவன் காதைவிட மோசமாக வேறு ஏதோ கெட்டுப்போயிருக்கிறது.

முதலாளி கடைசியாகத்தான் பேசினார். "காது போனா ஆளு போச்சா? நீ கவுண்டர்லயே நில்லு. மார்க்குப் போடுறதை மட்டும் நிறுத்து. புதுச் சரக்கு எது வந்தாலும் மொதல்ல ஒரு சோடியப் பஸ்ஸுல அந்தப் புள்ளைக்குக் குடுத்தனுப்பிக் கேப்போம். இனிமே வாறவுககிட்ட, எங்க உக்காந்து கேப்பீக, என்ன கேப்பீகன்னு கேளு. கேட்டுட்டு அவுக காதுல வச்சு, அவுக என்ன சொல்றாகளோ அதைக் குடு." அவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்ததா, தெரிந்துதான் என்னை அந்த ஊருக்கு அனுப்பினாரா என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பார், சொல்ல மாட்டார். தெரிந்திருந்தால், என்னைக் கூட்டத்தில் வைத்துச் சொல்லாமல், நானே கண்டுபிடிக்கும்படி பஸ் ஏற்றிவிட்டாரே, அதற்காக அவருக்கு நான் கடன்பட்டவன்.

பின்னொரு நாள் மதுரையில் காது டாக்டர் ஒரு கோடு போட்ட காகிதத்தைக் காட்டினார். மெல்லிய, கூர்மையான சத்தம் எதுவும் எனக்குக் கேட்பதில்லையாம். பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. ஸ்பீக்கரை முழுசாகத் திருகிவிட்டுப் பக்கத்தில் நின்று சரிபார்த்த அத்தனை நாளும் அந்தக் காகிதத்தில் இருந்தது. வலிக்காமல் போவதால் தெரியாது என்றார். ஆகவே நீங்கள் சத்தத்தைக் கூட்டி வைத்துச் சோதிக்காதீர்கள். இந்த ஒன்றில் மட்டும் என்னை நம்புங்கள்.

அந்தத் திங்கட்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. காலையில் அவளுக்குப் பதிவை அனுப்பியிருப்பார்கள், சாயங்காலத்துக்குள் முடித்திருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. நானே கூப்பிடலாம் என்றால் தைரியம் இல்லை. மில் வேன் வந்துவிட்டதா என்று ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பது?

புதன்கிழமை மத்தியானம் கடை போன் அடித்தது. ஆயிஷா எடுத்து, "திருச்சுழியிலருந்துண்ணே, ஒங்களைத்தான் கேக்குறாக" என்று என்னிடம் நீட்டினாள். வாசலில் ஒரு பஸ் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. போனைக் காதில் வைத்தேன். அவள் வேகவேகமாக ஏதோ சொல்கிறாள், பாதிச் சொல் எனக்குப் பிடிபடவில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை. முன்பெல்லாம் இப்படி ஆனால், "ஆமா, ஆமா, சரிம்மா" என்று சமாளித்து வைத்துவிடுவேன். அன்று அப்படிச் செய்யவில்லை. என் வாழ்க்கையில் முதல்தடவையாகப் போனை ஆயிஷாவிடம் திருப்பிக் கொடுத்து, "எனக்குச் சரியாக் கேக்கலத்தா. என்ன சொல்லுதுன்னு நீ கேட்டுச் சொல்லு" என்றேன்.

ஆயிஷா கேட்டாள். கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"வேலை குடுத்துட்டாகளாம்ண்ணே. அவ வீட்டுலயே இருந்துக்கிரலாமாம்."

அது எனக்கு நன்றாகவே கேட்டது. இருந்தாலும், "என்ன சொன்னே?" என்று இன்னொரு தடவை கேட்டேன்.